ஜாகுவார் காரும் சவுக்குத் தோப்பும்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைய வகுப்புக்கு 'ஜாகுவார் கார்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டதும், ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் தோழர் ஒருவர் சிரித்துவிட்டார். "சைக்கிளுக்கு டயர் மாற்றவே நமக்கு வழியைக் காணோம். கோடீஸ்வரன் ஏறிப் போகிற காரைப் பற்றி நமக்கு என்ன பேச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போவோம்.

காரில் ஏறுகிறவன் பணக்காரன். ஆனால் அந்தக் காரைச் செய்கிறவன் நம்மைப் போலக் கூலிக்கு உழைக்கிறவன். இது ஒன்று. அந்தக் கம்பெனி பிரிட்டனில் இருந்தாலும், 2008-ஆம் வருஷத்திலிருந்து அதற்குச் சொந்தக்காரர் நம் நாட்டு டாடா மோட்டார்ஸ். இது இரண்டு. 2024 செப்டம்பர் 28-ஆம் தேதி ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் அதே டாடா மோட்டார்ஸின் புதிய தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஜாகுவார் லேண்ட் ரோவர் கம்பெனியின் வண்டிகளும் அங்கே உற்பத்தியாகும் என்று அறிவித்தார்கள். இது மூன்று. ஆகவே இது கடல் கடந்த கதை மட்டும் அல்ல. அங்கே நடந்ததைத் தெரிந்துகொண்டால்தான் இங்கே என்ன கேட்க வேண்டும் என்பது நமக்கு விளங்கும்.

சலூன் என்பது என்ன?

முதலில் ஒரு வார்த்தையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் ஊரில் சலூன் என்றால் முடிவெட்டும் கடை. பிரிட்டனில் சலூன் என்றால் ஒருவகைக் கார். மற்ற நாடுகளில் அதையே செடான் என்கிறார்கள். நான்கு கதவு, தாழ்வான உடம்பு, முன்னால் எஞ்சின், நடுவில் ஆள் உட்காரும் இடம், பின்னால் சாமான் வைக்கத் தனி டிக்கி. நம் ரோட்டில் ஓடிய அம்பாஸடரை நினைத்துக்கொண்டால் போதும், அதுதான் செடான்.

ஜாகுவார் கம்பெனியின் பெயரே இந்தவகைக் கார்களால்தான் வளர்ந்தது. 1922-ல் வில்லியம் லயன்ஸ், வில்லியம் வால்ம்ஸ்லி என்ற இருவர் பிளாக்பூல் என்ற ஊரில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கவண்டி கட்டும் சிறு பட்டறையாக இதைத் தொடங்கினார்கள். 1928-ல் பட்டறை கவென்ட்ரி நகருக்குப் போயிற்று. 1945-ல் ஜாகுவார் என்ற பெயர் நிலைத்தது. 1968-ல் எக்ஸ்.ஜே. என்ற பெரிய சலூன் வந்தது. பிரிட்டிஷ் பிரதம மந்திரிகள் ஏறிச் சென்ற கார் அது.

கம்பெனி பல கை மாறியது. 1966-ல் ஒரு பெரிய மோட்டார் கம்பெனியோடு சேர்ந்தது. 1968-ல் பிரிட்டிஷ் லேலண்டுக்குள் போயிற்று. 1975-ல் லேலண்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1984-ல் ஜாகுவாரைப் பிரித்துத் தனியாருக்கு விற்றார்கள். 1989-ல் அமெரிக்காவின் ஃபோர்டு வாங்கியது. 2008-ல் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் சேர்த்து 230 கோடி டாலருக்கு டாடா வாங்கியது.

இத்தனை கை மாறியும் லேத்தின் முன்னால், அசெம்பிளி லைனின் முன்னால் நின்றவன் மாறவில்லை. அப்பன் போனால் மகன் வந்தான். அந்த ஆட்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

"இங்கே வா", "அங்கே போ"

கவென்ட்ரியில் பிரவுன்ஸ் லேன் என்ற இடத்தில் ஜாகுவாரின் தாய்த் தொழிற்சாலை இருந்தது. ஃபோர்டு நிர்வாகம் 2005-ல் அங்கே கார் கட்டுவதை நிறுத்தி, வேலையை பர்மிங்காம் நகரத்தின் காஸில் பிராம்விச் தொழிற்சாலைக்கு மாற்றியது.

காஸில் பிராம்விச் சாதாரண இடம் அல்ல. இரண்டாவது உலக யுத்தத்தில் ஹிட்லரின் விமானங்களை எதிர்த்துப் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானங்களில் சுமார் 12,000 அங்கே செய்யப்பட்டவை. ஸ்பிட்ஃபயர்களில் பாதிக்கு மேல் அந்த ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தன. ஆண்கள் யுத்தத்துக்குப் போனபோது பெண்கள் வந்து அந்த இயந்திரங்களை ஓட்டினார்கள். நாட்டுக்கு ஆபத்து வந்தபோது அந்த உழைப்பு வேண்டியிருந்தது.

பிற்காலத்தில் அங்கேதான் ஜாகுவார் சலூன்கள் உருவாயின. சிறியது எக்ஸ்.இ., நடுத்தரம் எக்ஸ்.எஃப்., பெரியது எக்ஸ்.ஜே. ஐரோப்பாவில் ஜெர்மன் கம்பெனிகளான பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ், ஆடி ஆகியவற்றோடு போட்டி போட இந்த மூன்றையும் வரிசையாக நிறுத்தினார்கள். 2015-ல் எக்ஸ்.இ. வந்தபோது பிரிட்டனில் அதன் ஆரம்ப விலை சுமார் 27,000 பவுண்டு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு தேவைப்படும்.

2018 இலையுதிர் காலத்தில் காஸில் பிராம்விச்சில் வாரம் மூன்று நாள்தான் வேலை என்றார்கள். லே-ஆஃப் என்றால் என்ன என்று நம் ஆலைத் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 2019 ஜனவரியில் கம்பெனி முழுவதிலும் 4,500 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தார்கள். 2019 ஜூலையில் 51 வருஷம் ஓடிய எக்ஸ்.ஜே. நின்றது.

அதே ஜூலையில் இன்னொரு அறிவிப்பும் வந்தது. "கவலைப்பட வேண்டாம். எக்ஸ்.ஜே. திரும்ப வருகிறது, இந்தத் தடவை மின்சாரக் காராக வருகிறது, காஸில் பிராம்விச்சிலேயே கட்டுவோம்" என்பது அதன் சாரம். தொழிலாளர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

அந்த நிம்மதி எத்தனை நாள் நிலைத்தது? 19 மாதம். 2021 பிப்ரவரி 15-ஆம் தேதி புதிய தலைமை நிர்வாகி தியரி பொல்லோரே ஒரு திட்டம் வெளியிட்டார். 2025-லிருந்து ஜாகுவார் முழுக்க மின்சாரக் கார் கம்பெனி ஆகும். ஆனால் முன்னே சொன்ன மின்சார எக்ஸ்.ஜே. வராது, இப்போதைய கார்களின் ஆயுள் முடிந்ததும் காஸில் பிராம்விச்சில் கார் கட்டுவது நிற்கும். அதே சமயத்தில் ஆபீஸ் ஊழியர்களில் 2,000 பேரைக் குறைப்பதாகவும் சொன்னார்கள்.

2024-ஆம் வருஷத்தின் நடுவில் எக்ஸ்.இ., எக்ஸ்.எஃப். இரண்டும் நின்றன. அந்த வருஷம் நவம்பரில் பிரிட்டனில் புதிய ஜாகுவார் விற்பனையையே நிறுத்தி வைத்தார்கள். மூன்று சலூன் இருந்த இடத்தில் இனி வரப்போவது நான்கு கதவு உள்ள ஒரே ஒரு மின்சாரக் கார். அதன் விலை 1,00,000 பவுண்டுக்கு மேல் என்றார்கள். 27,000 எங்கே, ஒரு லட்சம் எங்கே! பழைய வாடிக்கைக்காரர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர்தான் கூட வருவார்கள் என்று நிர்வாகமே ஒப்புக்கொண்டது. தொழிலாளியை மட்டுமல்ல, காரை வாங்கியவனையும் சேர்த்தே கழற்றி விட்டார்கள்.

இன்னொரு விஷயம். திட்டம் வெளியிட்ட பொல்லோரே 2022 இறுதியில் பதவியை விட்டுப் போய்விட்டார். பட்டியல் போட்டவர் போய்விட்டார். பட்டியலின் பலனை அனுபவிக்கிறவன் பர்மிங்காமிலேயே இருக்கிறான்.

நிர்வாகம் சொல்வது பொய்யா?

இங்கே நாம் அவசரப்படக் கூடாது. நிர்வாகம் சொல்வது எல்லாம் பொய் என்று மேஜையைத் தட்டிப் பேசிவிட்டுப் போவது சுலபம். அதனால் யாருக்கும் அறிவு வளராது.

அந்தச் சலூன்கள் லாபம் தரவில்லை என்றார்கள். அது உண்மைதான். ஒரு காரின் உடம்பைத் தகட்டில் அடித்து எடுக்கப் பெரிய அச்சுகள் வேண்டும். வடிவம் வரைய, எஞ்சின் சோதிக்க, மோதிப் பார்க்கப் பல வருஷம் செலவு. வருஷத்துக்கு இரண்டு லட்சம் கார் விற்றாலும் அந்தச் செலவு வரும், இருபதாயிரம் கார் விற்றாலும் வரும். ஜெர்மன் கம்பெனிகள் அந்தச் செலவை மிக அதிகமான கார்களின் மேல் பரப்பிப் போட்டன. ஜாகுவாரால் அது முடியவில்லை. ஆலையில் இருபது பிரேம் ஓடுகிற ஷெட்டுக்கும் இரண்டு பிரேம் ஓடுகிற ஷெட்டுக்கும் வாடகை ஒன்றே என்றால், எந்த நூல் கட்டுப்படியாகும்?

ஐரோப்பிய ஜனங்களின் ருசியும் மாறியது. தாழ்வான சலூனை விட்டு, உயரமான ஜீப் போன்ற வண்டிக்குப் போனார்கள். எஸ்.யு.வி. என்று இங்கேயும் சொல்கிறோமே, அதுதான். இன்று ஐரோப்பாவில் விற்கும் புதுக் கார்களில் ஏறத்தாழ பாதி அந்தவகை.

மூன்றாவதாக டீசல். 2015-ல் வோல்க்ஸ்வாகன் கம்பெனி புகைச் சோதனையில் மோசடி செய்து பிடிபட்டது. அதன் பிறகு டீசல் காரின் மதிப்பு இறங்கியது. ஜாகுவாரோ 2014-ல்தான் வுல்வர்ஹாம்ப்டனில் புது எஞ்சின் தொழிற்சாலை திறந்து, டீசலைப் பெரிதும் நம்பியிருந்தது. ஐரோப்பிய யூனியன் சட்டமும் இறுகியது. ஒரு கம்பெனி விற்கும் கார்கள் சராசரியாக கிலோ மீட்டருக்கு இத்தனை கிராமுக்கு மேல் கரியமில வாயு விடக் கூடாது. மீறினால் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம்.

இந்தச் சட்டத்தை நாம் குறை சொல்ல மாட்டோம். காற்று கெட்டால் முதலில் இருமுகிறவன் ரோட்டோரம் குடியிருக்கிறவன். மழை தவறினால் முதலில் பட்டினி கிடக்கிறவன் வயலில் வேலை செய்கிறவன். புகை இல்லாத வண்டி வரட்டும், வர வேண்டும். நம் கேள்வி வேறு. மாற்றத்தின் செலவு யார் தலையில் ஏறுகிறது? மாற்றத்தின் லாபம் யார் பையில் இறங்குகிறது?

குறைந்த வண்டி, கூடிய லாபம்

இங்கேதான் மறைந்திருக்கும் மறுபாதி உண்மை வருகிறது. கம்பெனியின் சொந்தக் கணக்கையே பார்ப்போம்.

2017-18 நிதி வருஷத்தில் ஜாகுவார் லேண்ட் ரோவர் உலகம் முழுவதும் விற்ற வண்டிகள் சுமார் 6,14,000. வரவு சுமார் 2,580 கோடி பவுண்டு. வரிக்கு முந்திய லாபம் சுமார் 150 கோடி பவுண்டு. அடுத்த வருஷம் பெரிய நஷ்டக் கணக்கு காட்டினார்கள். அதில் பெரும்பகுதி சொத்துகளின் மதிப்பைப் புத்தகத்தில் குறைத்து எழுதியதால் வந்தது. பிறகு என்ன நடந்தது? 2023-24-ல் விற்ற வண்டிகள் சுமார் 4,31,000. வரவோ 2,900 கோடி பவுண்டு. வரிக்கு முந்திய லாபம் 220 கோடி பவுண்டு.

வண்டி ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் குறைந்தது. லாபம் எழுபது கோடி பவுண்டு ஏறியது. சலூன்களுக்கு முடிவு கட்டிய வருஷம் கம்பெனி மூழ்கிக்கொண்டிருந்த வருஷம் அல்ல, கொழித்த வருஷம்.

இது எப்படிச் சாத்தியம்? விலை உயர்ந்த ரேஞ்ச் ரோவர், டிஃபெண்டர் வண்டிகளை முன்னே தள்ளினார்கள். மலிவானதைப் பின்னே தள்ளினார்கள். கையில் இருக்கும் பணமும் சில்லுகளும் இன்ஜினீயர்களும் எந்த வண்டிக்கு அதிக லாபமோ அந்த வண்டிக்கே போக வேண்டும் என்பது கணக்கு.

விவசாயத் தொழிலாளர் தோழர்களுக்கு இது நன்றாகப் புரியும். நெல் போட்ட நிலத்தில் மிராசுதார் சவுக்கு வைக்கிறார். ஏன்? நெல்லில் நஷ்டமா? சில வருஷம் நஷ்டம், சில வருஷம் கட்டுப்படி. ஆனால் சவுக்கில் ஆள் கூலி குறைவு, மிச்சம் அதிகம். நெல் என்றால் நடவுக்கு ஆள் வேண்டும், களைக்கு ஆள் வேண்டும், அறுப்புக்கு ஆள் வேண்டும். சவுக்கை வைத்து வளர்த்துவிட்டால் நாலைந்து வருஷம் வேலி போட்டால் போதும். பிறகு வெட்டுக்குக் கண்டிராக்டர் வெளியூர் ஆளைக் கொண்டு வருவார். நிலம் அதே நிலம். மிராசுதாருக்கு வருமானம் கூடியது. சேரியில் அடுப்பு எரியும் நாள் குறைந்தது. "உன்னை யார் வேலையை விட்டு நிறுத்தினார்கள்?" என்று கேட்டால் யாரையும் காட்ட முடியாது. பயிர் மாறியது, அவ்வளவுதான்!

பர்மிங்காமிலும் பயிர் மாறியது.

தொழிலாளிக்கு என்ன கிடைத்தது?

எதையும் கூட்டிச் சொல்ல வேண்டாம். காஸில் பிராம்விச்சை இடித்துத் தள்ளிவிடவில்லை. முக்கியத் தொழிற்சாலை எதையும் மூட மாட்டோம் என்று 2021-லேயே கம்பெனி சொல்லியிருந்தது. காருக்குத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் அங்கே தொடர்கிறது. வுல்வர்ஹாம்ப்டன் எஞ்சின் தொழிற்சாலையில் மின்மோட்டார் செய்யும் வேலைக்கு ஏற்பாடு செய்தார்கள். புதிய ஜாகுவார், பக்கத்து ஊரான சாலிஹல் தொழிற்சாலையில் உருவாகும் என்றார்கள். வெறுங்கையோடு தெருவில் விட முடியாத அளவுக்கு அங்கே சங்கம் ஊன்றி நிற்கிறது. இது சிறிய விஷயம் அல்ல.

ஆனாலும் பெயர்ப்பட்டியலில் வராத ஆட்கள் இருக்கிறார்கள். ஏஜென்சி மூலம் வந்த தற்காலிகத் தொழிலாளி. சீட் தைத்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனித் தொழிலாளி. கேட்டுக்கு எதிரே டீயும் ரொட்டியும் விற்கிறவள். இவர்களுக்கு மறுவேலை தருவதாக எந்த ஒப்பந்தமும் பேசுவதில்லை.

மின்சாரக் கார் செய்தால் வேலை உத்தரவாதம் என்றும் நினைத்துவிடக் கூடாது. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஆடி கம்பெனியின் தொழிற்சாலை மின்சாரக் கார்தான் செய்தது. விலை உயர்ந்த அந்தக் கார் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 2025 பிப்ரவரி 28-ஆம் தேதி தொழிற்சாலையை மூடினார்கள். சுமார் 3,000 பேர் வேலை இழந்தார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த வோல்க்ஸ்வாகன், ஜெர்மனியில் தொழிற்சாலைகளை மூடும் பேச்சை 2024-ல் எடுத்தபோது, லட்சம் பேர் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். டிசம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. 2030-க்குள் 35,000 வேலை குறையும். ஆனால் அதுவரை யாரையும் கட்டாயமாக வெளியேற்ற முடியாது. முழு வெற்றி அல்ல, தோல்வியும் அல்ல. எஞ்சின் எந்த வகை என்பது தொழிலாளியைக் காப்பதில்லை. அவன் எவ்வளவு சேர்ந்து நிற்கிறான் என்பதே காக்கிறது.

பனப்பாக்கத்துக்கு வருவோம்

9,000 கோடி ரூபாய் முதலீடு, 5,000 பேருக்கு வேலை என்று அடிக்கல் விழாவில் சொன்னார்கள். நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தால் சந்தோஷப்படாதவர் யார்? நாமும் சந்தோஷப்படுகிறோம்.

ஆனால் "பர்மிங்காம்காரன் வேலை நமக்கு வந்தது" என்று ஒரு பேச்சு டீக்கடையில் கேட்கிறது. அது தவறு. அங்கே நின்றது சலூன். அந்தச் சலூன் இங்கே வரவில்லை. அது யாருக்கும் வராமல் பட்டியலிலிருந்தே போயிற்று. அப்படியே ஒரு வண்டி இடம் மாறினாலும், அந்தத் தொழிலாளி நமக்குப் போட்டிக்காரன் அல்ல. 2018-ல் ஸ்லோவாக்கியாவின் நீத்ரா நகரில் இதே கம்பெனி புதுத் தொழிற்சாலை திறந்து, சாலிஹலில் கட்டிய டிஸ்கவரி வண்டியை அங்கே கொண்டு போயிற்று. நீத்ராவைக் காட்டி சாலிஹலை மிரட்டலாம். பனப்பாக்கத்தைக் காட்டி நீத்ராவை மிரட்டலாம். நாளைக்கு வேறொரு ஊரைக் காட்டிப் பனப்பாக்கத்தை மிரட்டலாம். அங்கே இருக்கிறவனுடைய கூலியும் உரிமையும் உயர்ந்து நிற்பதுதான் நமக்கும் பாதுகாப்பு.

நம் மண்ணிலேயே பாடம் இருக்கிறது. ஜாகுவாரை ஒரு காலத்தில் வைத்திருந்த அதே ஃபோர்டு, மறைமலைநகரில் கார் கட்டியது. 2021 செப்டம்பரில் நிறுத்தப் போவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. பனப்பாக்கத்தில் அடிக்கல் நாட்டிய அதே மாதத்தில், பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். 37 நாள் நின்றார்கள். சங்கம் பதிவாக 2025 ஜனவரி வரை காத்திருந்தார்கள். சட்டமும் நமக்குச் சாதகமாக நகரவில்லை. முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலையை மூட, ஆட்குறைப்புச் செய்ய அரசாங்க அனுமதி வேண்டும். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அந்த எண்ணை 300 ஆக்கிவிட்டது.

ஆகவே பனப்பாக்கத்துக்குப் போகிற நம் பிள்ளைகளிடம் மூன்று கேள்வியைக் கொடுத்தனுப்புவோம்.

ஒன்று: 5,000 பேரில் நிரந்தரத் தொழிலாளி எத்தனை, காண்ட்ராக்ட் எத்தனை, பயிற்சி என்ற பெயரில் எத்தனை?

இரண்டு: எந்த வண்டி எத்தனை வருஷம் இங்கே உற்பத்தியாகும்? அது நின்றால் அடுத்து என்ன? இதைச் சங்கத்தோடு முன்கூட்டிப் பேசுவார்களா, பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

மூன்று: வண்டி மாறும்போது தொழிலாளிக்குச் சம்பளத்தோடு புது வேலை கற்றுத்தருவது யார் பொறுப்பு?

இந்த மூன்றும் காருக்கு மட்டும் அல்ல. 40-ஆம் நம்பர் நூலை நிறுத்தி வேறு நூலுக்கு மாறும் ஆலையிலும் கேட்க வேண்டியவை. நெல்லை நிறுத்திச் சவுக்குக்கு மாறும் நிலத்திலும் கேட்க வேண்டியவை. மாற்றமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மாறுவதற்கு முன்னால் எங்களைக் கேள். மாறும்போது எங்களைச் சேர்த்துக்கொள் என்கிறோம்.

பர்மிங்காம் தொழிலாளிக்கு 2019-ல் வாயால் ஒரு வாக்கு கிடைத்தது. 19 மாதத்தில் அது காற்றில் போயிற்று. அவன் பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். வாக்கை எழுத்தில் வாங்க வேண்டும். எழுத்தைக் காக்கச் சங்கம் வேண்டும்.

முதலில் கேள்வி கேட்ட ஸ்பின்னிங் தோழர் இப்போது சிரிக்கவில்லை. தம் மில்லில் அடுத்த மாதம் கவுண்ட் மாற்றப் போவதாக ஒரு பேச்சு இருக்கிறதாம். அடுத்த ஞாயிறு அவர் பேசட்டும், நாம் கேட்போம்.